ஒன்தா மண்பாண்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்துக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு தட்டு வாங்கினேன். பழுப்பு விளிம்பு, உள்ளே வெள்ளைப் பூச்சு, நடுவிலிருந்து ஓரம் வரை சுற்றிச் சுற்றி ஓடுகிற பொடிப் பொடிக் கீறல்கள். இது எங்கே செய்கிறார்கள் என்று தேடிக்கொண்டு ஒரு மலைக் கிராமத்துக்குப் போனேன், அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்க்கொண்டே இருக்கிறேன். இப்போது வீட்டில் தட்டு, கிண்ணம், ஊறுகாய் ஜாடி எல்லாம் அந்த ஒரே ஊருடையதுதான். வீட்டுக்கு வருகிறவர்களும் ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இது எந்த ஊர்ப் பாண்டம்? பெயரை எப்படிச் சொல்வது?

ஊர்ப் பெயர் ஒன்தா. எழுதும்போது மூன்று சித்திர எழுத்துகள்: சின்ன, மான், வயல். அந்த எழுத்துகளைப் பார்த்து 'ஒன்தா' என்று வாசிக்க ஜப்பானியர்களுக்கே யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும், அதனால் உங்களுக்கு வாயில் நுழையவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். 'யாக்கி' என்றால் சுட்டது. ஒன்தா-யாக்கி, ஒன்தாவில் சுட்டது, அவ்வளவுதான். கியூஷு தீவில் ஓய்தா மாகாணத்தில் ஹிதா என்ற ஊர் இருக்கிறது. அதன் எல்லைக்குள்ளேயே, ஆனால் ஊரை விட்டு வெகு தூரம் தள்ளி, மலை இடுக்கில் இந்தக் குயவர் தெரு. தெருவுக்கு சராயாமா என்று பெயர், 'தட்டு மலை' என்று அர்த்தம். மொத்தமே ஒன்பது பத்து வீடுகளில்தான் வனைகிறார்கள்.

எவ்வளவு காலமாகச் செய்கிறார்கள்?

1705இலிருந்து. மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய ஃபுகுவோகா மாகாணத்தில், கொய்ஷிவாரா என்ற இன்னொரு குயவர் ஊர் இருக்கிறது. அங்கே 1682இலேயே சூளை போட்டுவிட்டார்கள். அங்கிருந்து யனாசே சன்எமோன் என்ற குயவரை அழைத்து வந்தார்கள். ஹிதா பகுதியைச் சேர்ந்த குரோகி ஜூபெய் பணம் போட்டார், நிலம் கொடுத்தது சகாமோதோ குடும்பம். தொழில், முதல், இடம் என்று மூன்று வீட்டார் கூடித் தொடங்கிய சூளை இது. இன்றைக்கும் தெருவில் வாசல் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் யனாசே, குரோகி, சகாமோதோ என்ற பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும், கூட கொபுகுரோ என்று ஒன்று. முந்நூறு வருடம் கழித்தும் அதே வம்சங்கள்.

ஊருக்குள் நுழையும்போதே 'கிய்ய்... தொம்' என்று ஒரு சத்தம் கேட்கிறதாமே, அது என்ன?

அதுதான் கராஉசு, தண்ணீரால் தானாக இடிக்கிற உலக்கை. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் இங்கேதான் திரும்பி வர வேண்டும்.

நம் பக்கத்து ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அச்சு, இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிற நீண்ட மரம். கராஉசுவும் அப்படித்தான், ஒரு முழு மரத்தின் ஒரு முனையைத் தொட்டி போலக் குடைந்து வைத்திருப்பார்கள், மறுமுனையில் கீழ்நோக்கி உலக்கை பொருத்தியிருக்கும். ஓடைத் தண்ணீர் தொட்டியில் விழுந்து நிரம்பும். நிரம்பியதும் பாரம் தாங்காமல் அந்த முனை இறங்கும், உலக்கை மேலே போகும், அப்போதுதான் அச்சு 'கிய்ய்' என்று முனகும். இறங்கின தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரே வீச்சில் கொட்டிவிடும், பாரம் போனதும் உலக்கை தலைகீழாக வந்து குழியிலுள்ள மண்ணில் விழும், தொம். பிறகு தொட்டி மறுபடி நிரம்ப வேண்டும். ராத்திரி பகல் கிடையாது, ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதும் கிடையாது. ஓடையை ஒட்டி இப்படி வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வரத்து கொஞ்சம் கூடக் குறைய இருப்பதால் ஒன்றின் தாளம் இன்னொன்றோடு சேராது. மழை பெய்த மறுநாள் போனால் வேகமாகக் கேட்கும், வறண்ட நாளில் அடுத்த 'தொம்'முக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

1996இல் ஜப்பான் அரசின் சுற்றுச்சூழல் துறை, பாதுகாக்க வேண்டிய நூறு ஒலிச் சூழல்கள் என்று நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்தது. அதில் இந்த உலக்கைச் சத்தமும் ஒன்று.

மோட்டார் வைத்தால் ஒரே நாளில் இடித்துவிடலாமே?

இடிக்கலாம். அந்த மண் மலையிலிருந்து கிட்டத்தட்டப் பாறை மாதிரிக் கட்டி கட்டியாக வருகிறது. அதைப் பொடியாக்க கராஉசுவுக்கு மூன்று வாரம், ஒரு மாதம் என்று ஆகிறது, இயந்திரத்துக்குச் சில மணி நேரம் போதும். ஆனால் மோட்டார் வந்தால் கூடவே என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். மண் பத்து மடங்கு கிடைக்கும், அதை வனைய ஆள் வைக்க வேண்டும், கையால் வனைந்தால் கட்டுப்படியாகாமல் அச்சு வேண்டும், எல்லாவற்றையும் சுட எரிவாயுச் சூளை வேண்டும், பிறகு விற்க வேண்டும். இப்போது அங்கே ஒரு வீடு வருடத்துக்கு எவ்வளவு பாண்டம் செய்ய முடியும் என்பதை ஓடைதான் முடிவு செய்கிறது. எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு மண், எவ்வளவு மண்ணோ அவ்வளவு தட்டு. ஊர் பெருகாமலும் கரையாமலும் ஏறத்தாழ அதே அளவில் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அங்கே போய் வந்த பிறகு, 'பழமையைக் காப்பாற்றுகிறார்கள்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதிதான் ஒப்புதல். அது பழமை என்பதை விட ஒரு கணக்கு, ஊர் கூடிப் போட்டுக்கொண்ட கணக்கு.

குயவர் ஒருவரோடு பேசியபோது இதையேதான் கேட்டேன். பதில் சொல்லாமல் இடித்த மண்ணில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் மாவு போல, நடு நடுவே லேசாக நறநறப்பு. சீரில்லாமல் பொடியாகிற மண்தான் சக்கரத்தில் நிற்கும் என்று பிறகுதான் சொன்னார்.

பொடித்த பிறகு நேராக வனைய வேண்டியதுதானா?

இல்லை. பொடியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, கலக்கி, கல்லும் வேரும் போகச் சல்லடையில் வடிகட்டி, வண்டலாகப் படிய விட்டு, தெளிந்த நீரை இறுத்து, அந்தச் சேற்றைத் தண்ணீர் வடிய வைத்துக் காயப்போட்டு, பிசையும் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தோண்டியதிலிருந்து சக்கரத்தில் ஏறுவது வரை மாதக் கணக்கு. பெண்கள் இந்த வேலையில் பெரும் பங்கு பார்க்கிறார்கள், தட்டை வாங்கும்போது யாரும் அவர்களை நினைப்பதில்லை என்பது எனக்கு உறுத்தல்தான்.

மண் எடுப்பது மட்டும் வீட்டுக்கு வீடு தனி வேலை கிடையாது. பக்கத்து மலையில் எல்லா வீட்டாரும் சேர்ந்து தோண்டி, சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

வெளியாட்கள் போய்க் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியாது. இது பல பேருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தொழில் போகும் என்பது அங்கே கட்டுப்பாடு. சம்பளத்துக்கு ஆள் வைப்பதில்லை, சீடர்களைச் சேர்ப்பதில்லை. பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் சாதாரணமாக இரண்டு சக்கரம் இருக்கும், அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. காலால் உதைத்துச் சுற்றுகிற சக்கரம், மின்சாரம் கிடையாது. மகன் பேச்சே இல்லாமல் அப்பாவின் கையைப் பார்த்துப் பார்த்து வருடக் கணக்கில் ஒரே கிண்ணத்தை வனைகிறான். இந்த முறையில் குறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைக்கு ஆசை இருந்தால் என்ன, வாரிசு இல்லாத வீடு என்ன ஆகும் என்பதெல்லாம் நியாயமான கேள்விகள், வனைகிற வீடுகள் காலப்போக்கில் குறைந்தும்தான் இருக்கின்றன.

தட்டின் அடியில் செய்தவர் பெயர் இல்லையே?

இருக்காது. ஊர்ப் பெயர் முத்திரை மட்டும்தான், அதுவும் எல்லாப் பாண்டத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த வீட்டுத் தட்டு என்பது வாங்குகிற கடை வாசலில் மட்டும் தெரியும், வீட்டுக்கு வந்த பிறகு அது வெறும் ஒன்தா. மண் பொது, முறை பொது, பிறகு பெயர் மட்டும் தனியாக எதற்கு என்ற நினைப்பு. 1995இல் ஜப்பான் அரசு இதை முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தபோதுகூட, தனி ஆள் யாரையும் பிடித்து 'இவர்தான் மேதை' என்று சொல்லவில்லை, குயவர்கள் எல்லாரும் சேர்ந்த பாதுகாப்புச் சங்கத்துக்குத்தான் அந்த அங்கீகாரம். 2008இல் ஓடை, உலக்கைகள், வயல், வீடுகள் எல்லாம் சேர்ந்த நிலப்பரப்பையே பாதுகாக்க வேண்டிய பண்பாட்டு நிலமாக அறிவித்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிக சந்தோஷம்.

அந்தப் பொடிக் கீறல்கள் இயந்திரத்தில் போட்டதா?

கையால்தான், அதுவும் பார்த்தால் நம்ப முடியாத வேகத்தில். இதற்கு தோபிகன்னா, 'தாவும் சீவுளி' என்று பெயர். வனைந்த தட்டு பாதி காய்ந்து, தோல் மாதிரி விறைப்பாக இருக்கும் பதத்தில், மேலே வெள்ளை மண் கரைசல் பூசியிருப்பார்கள். மறுபடி சக்கரத்தில் வைத்துச் சுற்றிவிட்டு, ஒரு மெல்லிய வளைந்த இரும்புத் தகட்டை, பழைய கடிகாரச் சுருளிலிருந்து செய்வதும் உண்டு, தட்டின் மேல் லேசாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். தகடு வளைந்து கொடுக்கும், மண் எதிர்க்கும், தகடு துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் வெள்ளைப் பூச்சில் ஒரு பொடிச் செதில் தெறித்துப் போய், அடியிலுள்ள கறுப்பு மண் ஒரு சின்னக் கோடாகத் தெரியும். டிர்ர்ர் என்று ஒரு சத்தம், குயவரின் கை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகரும், நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் நூற்றுக்கணக்கான கீறல்கள் வரிசை கட்டி நிற்கும். ரொம்ப ஈரமாக இருந்தால் தகடு உழுதுவிடும், காய்ந்துபோனால் வழுக்கிக்கொண்டு ஓடும். நடுவில் உள்ள அந்தப் பதம் எத்தனை நேரம் இருக்கும் என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது. என் தட்டில் ஓரிடத்தில் கீறல்கள் கொஞ்சம் நெருங்கி, பிறகு விலகியிருக்கின்றன. சாப்பிட்டு முடித்த பிறகு கண் அங்கேதான் போகிறது.

வேறு என்ன அலங்காரம் உண்டு?

தூரிகையைத் தட்டித் தட்டி இதழ் மாதிரி விழ வைப்பது, சீப்பாலோ விரலாலோ அலை இழுப்பது, கிளேஸை, அதாவது சுட்டால் கண்ணாடி மாதிரி இறுகுகிற பூச்சை, மேலிருந்து ஊற்றி வழிய விடுவது. பூ, பறவை, ஆள் என்று படம் வரைகிற பழக்கம் கிடையாது. எல்லாமே சக்கரம் சுற்றும்போதோ ஊற்றும்போதோ சட்டென்று முடிகிற காரியங்கள்.

கிளேஸில் ஈயம் இருக்குமா? குழந்தைக்குச் சோறு போடலாமா?

தாராளமாகப் போடலாம். மரச் சாம்பல், வைக்கோல் சாம்பல், ஃபெல்ட்ஸ்பார் என்கிற பாறைப் பொடி, நிறத்துக்கு இரும்பும் செம்பும், இதுதான் மூலப்பொருள். இரும்பு சேர்ந்தால் பனைவெல்லப் பாகு மாதிரிப் பழுப்பு, கூடினால் கறுப்பு, செம்பு சேர்ந்தால் பச்சை. ஈயம் என்பது குறைந்த சூட்டில் கிளேஸை உருக வைக்கச் சேர்ப்பது. இங்கே சூளைச் சூடு 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, சாம்பலும் பாறையும் தாமாகவே உருகிக் கண்ணாடியாகிவிடும்.

இன்னொன்று: முதலில் ஒரு தடவை சுட்டு, கிளேஸ் பூசி மறுபடி சுடுவது பல இடங்களில் வழக்கம். ஒன்தாவில் காய்ந்த பச்சைப் பாண்டத்தின் மேலேயே கிளேஸை ஊற்றி ஒரே தடவையில் சுடுகிறார்கள். பச்சை மண் ஈரம் பட்டால் இளகிவிடும் என்பதால் கை தாமதிக்கவே கூடாது.

சூளை எப்படி இருக்கும்?

மலைச் சரிவில் படிப்படியாக ஏறுகிற அறைகள். தெருவின் நடுவில் இருக்கிற பொதுச் சூளைக்கு எட்டு அறை, ஐந்து குடும்பங்கள் பங்கு வைத்துக்கொள்கின்றன. மற்றவர்களுக்குச் சொந்தச் சூளை. கீழே முதலில் நெருப்பு மூட்டுவார்கள், சூடு ஒவ்வொரு அறையாக மேலே ஏறும், கீழ் அறை முடிந்ததும் அடுத்த அறையின் பக்கத் துளை வழியாக விறகு போடத் தொடங்குவார்கள். இரண்டு நாளுக்கு மேல் ஓடும், ராத்திரியும் முறை வைத்து விழித்திருப்பார்கள். ஹிதா மரத்தொழில் ஊர், சுகி என்கிற ஜப்பானிய ஊசியிலை மரம் அறுக்கிற மில்களில் மிஞ்சுகிற பக்கப் பலகைகள்தான் விறகு. வருடத்துக்கு ஐந்தாறு தடவை இப்படிச் சூளை எரியும். அந்த நேரத்தில் போனால் கடை வாசலில் ஆளே இருக்க மாட்டார்கள், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தட்டின் நடுவில் ஒரு வட்டத்துக்கு மட்டும் கிளேஸ் இல்லை. குறைப் பொருளா?

குறை இல்லை. சூளையில் இடம் மிச்சப்படுத்த ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டை நேராக அடுக்கிச் சுடுகிறார்கள். மேல் தட்டின் கால் கீழ்த் தட்டின் கிளேஸில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்த வளையத்தில் மட்டும் கிளேஸைத் துடைத்துவிடுவார்கள். அந்த வளையம் இருப்பதால்தான் விலை இந்த அளவில் நிற்கிறது. கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும், புதிதில் ஸ்பூன் பட்டால் கூசும், சில மாதத்தில் வழவழப்பாகிவிடும்.

'மிங்கெய்' என்று சொல்கிறார்களே, அது என்ன பாணி?

பாணி இல்லை, ஒரு பார்வை. மக்களின் கைவினை என்று பொருள்படும் இந்தச் சொல்லை 1925இல் தத்துவ அறிஞர் யனாகி சோயெட்சு, குயவர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகிய மூவரும் சேர்ந்து உண்டாக்கினார்கள். அரண்மனைக்கும் தேநீர்ச் சடங்குக்கும் செய்தது மட்டும்தான் அழகு என்று இருந்த காலத்தில், பெயர் தெரியாத ஆள் தினப்படி புழக்கத்துக்குச் செய்த சட்டியிலும் துணியிலும் இருக்கிற அழகை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். யனாகி 1927இல் குருமே நகரத்துக் கடை ஒன்றில் ஒன்தாப் பாண்டத்தைப் பார்த்திருக்கிறார். எங்கே செய்தது என்று விசாரித்து 1931இல் மலைக்கே வந்து சேர்ந்து, பார்த்ததை எழுதினார். 1936இல் டோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்தையும் திறந்தார், டோக்கியோ போகிறவர்கள் கோமாபா பக்கம் போய்ப் பாருங்கள். மூவரில் கவாய், அரசு கொடுக்க வந்த பட்டங்களை வாங்க மறுத்துவிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார் என்கிறார்களே?

பெர்னார்டு லீச். ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயர், ஹமாதாவோடு சேர்ந்து 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் சூளை போட்டவர். 1954இல் ஒன்தாவுக்கு வந்து ஏறத்தாழ மூன்று வாரம் தங்கி, அவர்களோடு உட்கார்ந்து வனைந்தார். கூஜாவுக்குக் காது இழுத்து ஒட்டுகிற முறையைச் சொல்லிக் கொடுத்தார், இன்றும் அங்கே அந்த மாதிரிக் கைப்பிடியோடு கூஜாக்கள் செய்கிறார்கள். அவர் வந்து போன பிறகுதான் பேருந்து வைத்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

அதற்கு முன்பும் தட்டும் கிண்ணமும்தானா?

பெரும்பாலும் இல்லை. தண்ணீர்ச் சால், ஊறுகாய் ஜாடி, மூக்கு வைத்த கிண்ணம், சாராயக் குடுவை என்று சுற்றுவட்டார விவசாய வீடுகளுக்கு வேண்டியவைதான். அப்போதெல்லாம் குயவர்களும் அரை விவசாயிகள், நடவு சமயத்தில் வயலில் இறங்கிவிடுவார்கள். பிளாஸ்டிக் வாளியும் குழாயும் வந்த பிறகு சாலுக்கு வேலை போய்விட்டது. தட்டுக்கும் கிண்ணத்துக்கும் டீக் கோப்பைக்கும் மாறியிருக்கிறார்கள், மண்ணும் கையும் மாறவில்லை.

நம் சாப்பாட்டுக்கு ஆகுமா? மஞ்சள் கறை பிடிக்காதா?

நான் சாம்பார் சாதம், மீன் குழம்பு, தோசை எல்லாம் இதில்தான் சாப்பிடுகிறேன். கறை பிடிக்கும், மறைக்க மாட்டேன். பளிங்குப் பீங்கான் மாதிரி இறுகின உடம்பு இல்லை இதற்கு, நுண்ணிய துளைகள் உண்டு. வெள்ளைப் பூச்சின் மேல் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியாக எண்ணெயும் மஞ்சளும் இறங்கும். இதற்கு எளிய வழி, உணவு போடுவதற்கு முன்னால் தட்டைப் பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துத் துடைத்துவிடுவது. துளைகளைத் தண்ணீர் முதலில் பிடித்துக்கொள்ளும், குழம்பு உள்ளே போக இடம் இருக்காது. புதிதாக வாங்கினதும் அரிசி களைந்த தண்ணீரில் வைத்து மெதுவாகக் கொதிக்க விட்டு, ஆறும்வரை அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நல்லது, கஞ்சி அந்தத் துளைகளை அடைத்துவிடும். ராத்திரி முழுக்கக் குழம்போடு தொட்டியில் போட்டு வைக்காதீர்கள். கழுவின பிறகு ஈரத்தோடு அலமாரியில் அடுக்கினால் பூசணம் பூக்கும், குறிப்பாக அடிக் காலில், அங்கே கிளேஸ் இல்லை.

தயிர், மோர், ரசம் எதற்கும் பயப்பட வேண்டாம். புளிப்பு இந்தக் கிளேஸை ஒன்றும் செய்ததாக நான் பார்க்கவில்லை.

மைக்ரோவேவ்? அடுப்பு?

அடுப்பில் வைக்கவே கூடாது. மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சூடு பண்ணுவதை நான் செய்கிறேன், ஆனால் ஒரு எட்டு சுன் (24 சென்டிமீட்டர்) தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மைக்ரோவேவில் வைத்து விரிசல் விட வைத்தது நானேதான். சில்லிப்பும் சூடும் அடுத்தடுத்து வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் ஒன்றோடொன்று இடித்து விளிம்பு சிதறும், கையால் கழுவுங்கள்.

சுன் என்றால் என்ன? விலை எவ்வளவு?

ஜப்பானின் பழைய அளவு, ஒரு சுன் சுமார் 3 சென்டிமீட்டர். ஐந்து சுன் தட்டு 15 சென்டிமீட்டர், பலகாரம் வைக்க. ஏழு சுன் 21, எட்டு சுன் 24, சாப்பாட்டுத் தட்டு. நான் வாங்கிய ஏழு சுன் தட்டு மூவாயிரம் யென்னுக்குள் முடிந்தது. ஒரு மாதம் இடித்த மண், கையால் வனைந்தது, இரண்டு நாள் விறகில் சுட்டது என்று பார்த்தால் இது மிகவும் குறைந்த விலை. டோக்கியோக் கடைகளில் கூடுதலாக இருக்கும், ஊரிலேயே வாங்குவதுதான் நல்லது, பேரம் பேச வேண்டாம்.

வெள்ளத்தில் அழிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேனே?

அழியவில்லை, ஆனால் பலத்த அடி. 2012இலும் 2017 ஜூலையிலும் வட கியூஷுவில் கொட்டின மழையில் அந்தச் சின்ன ஓடை பெருக்கெடுத்து, உலக்கைகளை அடித்துக்கொண்டு போனது, மண் எடுக்கிற இடத்திலும் சரிவு ஏற்பட்டது. ஓடையை நம்பி வாழ்கிற ஊரில் ஓடையே எதிரியாக வந்தால் என்ன செய்வது? திரும்ப மரம் தேடி, குடைந்து, அச்சு வைத்து, ஒவ்வொன்றாக ஓட வைத்தார்கள். 2017க்குப் பிறகு நான் போனபோது பழைய கறுத்த மரங்களுக்கு நடுவே புது மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

எப்படிப் போவது? எப்போது போவது?

ஃபுகுவோகாவிலிருந்து ஹிதாவுக்கு ரயிலும் உண்டு, நெடுஞ்சாலைப் பேருந்தும் உண்டு, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சராயாமாவுக்குப் பேருந்து நாளுக்குச் சில தடவைதான், திரும்பி வரும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு ஏறுங்கள். அக்டோபரில் மண்பாண்டத் திருவிழா நடக்கும், பாண்டம் நிறைய, கூட்டமும் நிறைய. சத்தம் கேட்க வேண்டும் என்றால் சாதாரண வார நாளில், காலையில் போங்கள். வீட்டு முன்னால் நீளப் பலகைகளில் பச்சைப் பாண்டம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், தொட வேண்டாம். தூறல் விழுந்தால் வீட்டில் உள்ள எல்லாரும் ஓடி வந்து பலகைகளைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள், அப்போது வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். பட்டறைக்குள் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த மாதிரி ஏதாவது பார்க்க முடியுமா?

ஒன்தாவையே பார்க்க முடியாது. ஆனால் புதுச்சேரிக்குப் போனால் ஒரு தொடர்பு கிடைக்கும். அங்கே 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள், டெபோரா ஜப்பானில் மண்வேலை கற்றுக்கொண்டு வந்தவர். உயர்சூட்டில் சுட்ட, தினப்படி புழங்குகிற தட்டும் கிண்ணமும் அந்தப் பக்கத்தில் இவ்வளவு பரவியதற்கு அவர்கள் பட்டறை பெரிய காரணம்.

ஒரே ஒரு பாண்டம்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கட்டும்?

ஏழு சுன் தட்டு, தாவும் சீவுளிக் கீறல் போட்டது. இரண்டு தோசைக்கும் சரி, கொஞ்சம் சாதத்துக்கும் சரி, ஓரம் லேசாகத் தூக்கியிருப்பதால் குழம்பு வழியாது. கடையில் அடுக்கிலிருந்து நாலைந்து எடுத்து வரிசையாக வையுங்கள், எதுவும் எதைப் போலவும் இருக்காது. அடிக் காலைத் தடவி, மேசையில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள், விரல் முட்டியால் ஓரத்தைத் தட்டினால் தெளிவான சத்தம் வர வேண்டும். செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள், இன்னும் இரண்டு தாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மலை இறங்கும்போது பேருந்து நிறையக் குலுங்கும்.